பார்க்கின்சன் நோயாளியின் மாத்திரை நேரம்: மருத்துவமனை வார்டுகளுக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாட்டின் அரசு, தனியார் மருத்துவமனைகளின் கண்காணிப்பாளர்கள், வார்டு பொறுப்புச் செவிலியர்கள், இரவுப் பணி மருத்துவர்கள், மருந்தாளுநர்கள்.

வணக்கம்.

பார்க்கின்சன் நோயாளிகள் பெரும்பாலும் நரம்பியல் வார்டில் வந்து சேர்வதில்லை. விழுந்து இடுப்பெலும்பு முறிந்து எலும்பு வார்டுக்கும், நிமோனியாவோடு பொது மருத்துவ வார்டுக்கும், குடலிறக்க அறுவைக்கும், சிறுநீர்த் தொற்றுக்கும் வருகிறார்கள். கைத்தடியோடு தானே நடந்து வந்து சேர்ந்தவர், மூன்றாம் நாள் புரண்டு படுக்கவும் முடியாமல் கிடக்கிறார். பேச்சு குழறுகிறது, காப்பி புரையேறுகிறது. “நோய் முற்றிவிட்டது” என்று வீட்டாரிடம் சொல்லப்படுகிறது. பல சமயம் நடந்திருப்பது வேறு. வீட்டில் காலை 6, 10, மதியம் 2, மாலை 6 என்று நான்கு வேளை விழுங்கிய மாத்திரை, கேஸ் ஷீட்டில் 1-1-1 என்று எழுதப்பட்டு, வார்டின் வழக்கப்படி காலை 8, மதியம் 2, இரவு 8 ஆகியிருக்கும். ஒரு வேளை குறைந்தது ஒருபுறம். பகலில் நான்கு மணி நேர இடைவெளி ஆறாக நீண்டது மறுபுறம்.

இந்த மடலில் நாங்கள் கேட்பது முதன்மையாக ஒன்றே. பார்க்கின்சனின் முதன்மை மருந்தான லெவோடோபா மாத்திரையை நோயாளியின் நேரத்துக்குக் கொடுங்கள், வார்டின் நேரத்துக்கு வேண்டாம். மற்றவையெல்லாம் அதைச் சுற்றி வருபவை.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் கரிய நிறப் பகுதியின் செல்கள் டோபமைனை உண்டாக்குகின்றன. அசைவைத் தொடங்க, அளவோடு நடத்த, நிறுத்த அந்த டோபமைன் வேண்டும். பார்க்கின்சனில் இச்செல்கள் படிப்படியாக அழிகின்றன. டோபமைனையே மாத்திரையாகக் கொடுத்தால் அது ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. அதன் முன்வடிவமான லெவோடோபா போகும். வழியிலேயே அது டோபமைனாக மாறிக் குமட்டலை உண்டாக்காமலிருக்கக் கார்பிடோபாவைச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தும் ரத்தத்தில் லெவோடோபாவின் அளவு சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில் மிஞ்சியிருக்கும் செல்கள் அதை வாங்கிச் சேமித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவிடுவதால், ஒரு வேளை தாமதமானாலும் பெரிதாகத் தெரியாது. பத்தாண்டு கடந்தவருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ரத்தத்தில் மருந்து இறங்கும்போது அவர் உடலும் நிற்கிறது. மருந்து வேலை செய்யும் நேரத்தை நோயாளிகள் ‘ஆன்’ என்றும், அது தீர்ந்து உடல் நின்றுபோகும் நேரத்தை ‘ஆஃப்’ என்றும் சொல்கிறார்கள். உங்கள் கேஸ் ஷீட்டிலும் அந்தச் சொற்களே இருக்கட்டும். “ஆஃப் நிலையில் நடக்கவில்லை, மாத்திரை போட்டு 40 நிமிடத்தில் துணையோடு நடந்தார்” என்ற ஒற்றை வரி, பல பரிசோதனைத் தாள்களைவிட அடுத்த மருத்துவருக்கு உதவும்.

ஆஃப் என்பது கை கால் விறைப்போடு முடிவதில்லை. விழுங்கும் தசை மெதுவாகிறது, இருமலின் வலு குறைகிறது. உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருகிறது. இந்நோயாளிகளின் இறப்புக்கு முக்கியக் காரணங்களில் இந்த நிமோனியா ஒன்று. புரண்டு படுக்க முடியாதவருக்குப் படுக்கைப் புண் வருகிறது. ஆஃபில் அவசரமாகக் கழிவறைக்கு எழுபவர் விழுகிறார்.

மருந்தை அடியோடு நிறுத்திவிட்டால் இன்னும் கடுமை. ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் கடும் காய்ச்சல், மரக்கட்டை போன்ற விறைப்பு, மனக்குழப்பம், ஏறி இறங்கும் ரத்த அழுத்தம், வியர்வை என்று வரலாம். தசைகள் சிதைந்து ரத்தத்தில் தசை நொதியான சி.பி.கே. அளவு எகிறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். பார்ப்பதற்கு ரத்தத்தில் கிருமி பரவியது போலவே இருப்பதால் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பார்க்கின்சன் நோயாளிக்குக் காய்ச்சலும் விறைப்பும் சேர்ந்து வந்தால், தொற்றைத் தேடும்போதே கடைசி மூன்று நாட்களின் மருந்துக் குறிப்பையும் புரட்டிப் பாருங்கள். நின்றுபோன மருந்தைப் பழைய அளவில், வேண்டுமானால் மூக்குக் குழாய் வழியே, உடனே தொடங்குவதும், நீரேற்றமும், உடலைக் குளிர்விப்பதும், ஐ.சி.யூ. கண்காணிப்புமே சிகிச்சை. பார்க்கின்சனின் மற்ற மருந்துகளான அமான்டடினையும் ப்ராமிபெக்ஸோல், ரோபினிரோல் போன்றவற்றையும் கூடத் திடீரென நிறுத்தக் கூடாது.

இங்கிலாந்தில் பார்க்கின்சன் நோயாளிகளுக்கான அறக்கட்டளை 2006-இல் ‘நேரத்துக்குக் கொடு’ என்ற இயக்கத்தைத் தொடங்கியது. அந்நாட்டின் தர நெறிமுறை இப்போது, குறித்த நேரத்துக்கு அரை மணி முன்பின்னாக லெவோடோபா கிடைத்தாக வேண்டும் என்கிறது. இந்த அரை மணி விதியை நம் வார்டுகளும் எடுத்துக்கொள்ளலாம். புதிய கருவி எதுவும் தேவையில்லை.

செய்ய வேண்டியது இதுதான். சேர்க்கையின்போதே, நோயாளி வீட்டில் எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று கேட்டு, கடிகார நேரத்தையே எழுதுங்கள். 1-1-1 என்றோ டி.டி.எஸ். (நாளுக்கு மூன்று வேளை) என்றோ எழுதாதீர்கள். எங்கள் பார்வையில் பாதிச் சிக்கல் அந்த மூன்று இலக்கத்தில்தான் தொடங்குகிறது. கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையில் நேரங்கள் இருக்கட்டும். ஒரு செவிலியர் நாற்பது பேரைப் பார்க்கும் வார்டில் காலை 6 மணிக்கும் 10 மணிக்கும் தனியே ஒருவருக்காக வருவது எளிதல்ல என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே நோயாளி தெளிவாக இருந்தால் அவரிடமோ, உடன் இருப்பவரிடமோ மாத்திரையைக் கொடுத்துவைத்து, செல்பேசியில் அலாரம் வைக்கச் சொல்லி, போட்ட நேரத்தை ஒரு தாளில் குறிக்கச் செய்யுங்கள். ஷிப்ட் மாறும்போது அந்தத் தாளைப் பார்த்துக் கையெழுத்திட்டால் போதும். “வீட்டு மருந்தையெல்லாம் கொடுத்துவிடுங்கள்” என்று வாங்கி அலமாரியில் பூட்டும் வழக்கத்திலிருந்து இந்த ஒரு மருந்துக்கு விலக்கு வேண்டும்.

மாத்திரை அட்டையில் உள்ள எண்களில் தவறு எளிதாக நேர்கிறது. லெவோடோபா-கார்பிடோபா மாத்திரையின் வணிகப் பெயர்களில் ஒன்றான சின்டோபா 110 என்றால் லெவோடோபா 100 மில்லிகிராம், கார்பிடோபா 10. 125 என்றால் 100-உம் 25-உம். 275 என்றால் 250-உம் 25-உம். ஆக 110-க்கும் 125-க்கும் லெவோடோபாவில் வேறுபாடே இல்லை. 125-க்கும் 275-க்கும் இரண்டரை மடங்கு வேறுபாடு. “275 இல்லை, 125 இருக்கிறது, ஒன்று போட்டுக்கொள்ளுங்கள்” என்று மருந்தகத்தில் மாற்றினால் அன்று மாலையே நோயாளி விறைத்துப்போவார். நாளுக்கு மூன்று 110 மட்டும் போடுபவருக்குக் கிடைக்கும் கார்பிடோபா 30 மில்லிகிராம்தான். அது தன் வேலையைச் செய்ய நாளுக்கு 70 முதல் 100 வரை தேவை. புதிதாகத் தொடங்கியவர் குமட்டுகிறது என்றால் முதலில் இதைப் பாருங்கள். லெவோடோபாவின் வேலையை நீட்டிக்கும் எண்டகபோனும் சேர்ந்த மூன்று மருந்துக் கூட்டு மாத்திரையில் பெயருக்குப் பின் வரும் எண் லெவோடோபாவை மட்டும் குறிக்கும், கூட்டுத்தொகை அல்ல. அந்த மாத்திரை போடுபவரின் சிறுநீர் ஆரஞ்சு கலந்த பழுப்பாகப் போகும். ரத்தம் என்று பதற வேண்டாம்.

சி.ஆர். என்று முடியும் மாத்திரைகள் மெதுவாகக் கரைபவை. அவற்றைப் பொடிக்கக் கூடாது. பொடித்தால் பல மணி நேரத்துக்கான மருந்து ஒரே அடியாக இறங்கும். அவற்றில் உடலுக்குக் கிடைக்கும் லெவோடோபா, சாதாரண மாத்திரையில் கிடைப்பதில் சுமார் 70 விழுக்காடுதான். ஆகவே சி.ஆரிலிருந்து சாதாரணத்துக்கு மாற்றும்போது அளவைக் குறைத்து, தடவையைக் கூட்ட வேண்டும். எண்ணை எண்ணுக்குப் பொருத்தி மாற்றுவது சரிவராது.

உணவு. லெவோடோபா ஓர் அமினோ அமிலம். குடலிலும் மூளையின் வாயிலிலும் புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களோடு ஒரே வழிக்குப் போட்டியிடுகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ தண்ணீரோடு விழுங்க வேண்டும். வார்டில் காலை 6 மணிக்குப் பால் வருகிறது. பாலோடு மாத்திரையைப் போடுவதுதான் பலரின் வழக்கம். தண்ணீரில் மாத்திரை, அரை மணி கழித்துப் பால் என்று மாற்றிப் பாருங்கள். அறுவைக்குப் பின் தேறுவதற்காகக் கொடுக்கும் புரத மாவு, முட்டை, சுண்டல் எதையும் நிறுத்த வேண்டாம், நேரத்தை மட்டும் தள்ளிவையுங்கள். குமட்டல் தாங்காதவர் மாத்திரையோடு புரதமில்லாத பிஸ்கட்டோ வாழைப்பழமோ கொஞ்சம் எடுத்துக்கொள்ளலாம். இரும்புச்சத்து மாத்திரை லெவோடோபாவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். மலச்சிக்கலும் இதில் சேரும். வயிறு மெதுவாக நகரும் இந்நோயில், மாத்திரை இரைப்பையிலேயே தங்கிவிட்டால் “போட்டேன், வேலை செய்யவில்லை” என்பார்கள். மலம் போனதா என்று தினமும் கேட்டு எழுதுவது பார்க்கின்சன் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

அறுவைக்கு முன் ‘வாயில் எதுவும் கூடாது’ என்ற ஆணை வரும்போது லெவோடோபாவும் நின்றுவிடுகிறது. மயக்க மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ஒரு மடக்குத் தண்ணீரோடு வழக்கமான வேளையைக் கொடுக்கலாம். வெறும் தண்ணீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை அனுமதிக்கிறார்கள். நோயாளியை அன்றைய பட்டியலில் முதலாவதாகப் போடுங்கள். அறுவை நீளும் என்றாலோ, பின்பு விழுங்க முடியாது என்றாலோ மூக்குக் குழாயை முன்கூட்டியே திட்டமிடுங்கள். சாதாரண மாத்திரையைப் பொடித்து 10 முதல் 20 மில்லி தண்ணீரில் கலந்து உடனே செலுத்தி, மேலும் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். கலந்துவைத்து அரை நாள் கழித்துக் கொடுத்தால் வீரியம் போய்விடும். குழாய் உணவைச் செலுத்துவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மருந்து போயிருக்க வேண்டும்.

அடுத்து, கொடுக்கவே கூடாதவை. இதை எழுதும்போது சற்றே கோபமும் வருகிறது, ஏனென்றால் இவை இரவில், வாந்திக்கும் கலவரத்துக்கும் கையில் கிடைத்தது என்று போடப்படும் ஊசிகள். வாந்திக்கான மெட்டோகுளோப்ரமைட், அதாவது பெரினார்ம். தலைசுற்றலுக்கான புரோகுளோர்பெரசின், அதாவது ஸ்டெமெட்டில். கத்துபவரை அடக்கப் போடும் ஹாலோபெரிடால். இம்மூன்றும் மூளையில் டோபமைன் அமர வேண்டிய இடத்தை அடைத்துவிடுகின்றன. மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்திருந்தாலும் அன்றிரவு அது வீண். குளோர்புரோமசின், ரிஸ்பெரிடோன், ஓலன்சபின் ஆகியவையும் இதே வரிசை. வாந்திக்கு டோம்பெரிடோன் 10 மில்லிகிராம் கொடுக்கலாம், அது மூளைக்குள் பெரிதாகப் போவதில்லை. இதயக் கோளாறு உள்ளவருக்கு இ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளி (நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம்) எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். ஒண்டான்செட்ரானும் தரலாம், மலச்சிக்கலைக் கூட்டும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆனால் பார்க்கின்சனுக்கான அபோமார்ஃபின் ஊசியோ பம்ப்போ போட்டுக்கொள்பவருக்கு ஒண்டான்செட்ரான் அறவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து விழுவார்.

இரவில் சுவரில் ஆள் தெரிகிறது என்றால், மருந்தைத் தேடும் முன் காரணத்தைத் தேடுங்கள்: சிறுநீர் அடைப்பு, தொற்று, மலச்சிக்கல், வலி, சோடியம் குறைவு. நடுக்கத்துக்காகக் கொடுக்கப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில், அதாவது பாசிடேன், முதியவர்களுக்கு இப்படி மனக்குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்குவதில் முன்னணியில் நிற்பது. எல்லாம் பார்த்தும் மருந்து வேண்டும் என்றால் குவெட்டியபின் 12.5 மில்லிகிராமில் தொடங்கலாம்.

வலிக்கு ட்ரமடால் போடும் முன் நோயாளி பார்க்கின்சன் மருந்துகளான ராசாஜிலினோ செலெஜிலினோ போடுகிறாரா என்று கேளுங்கள். அவற்றோடு ட்ரமடால், பெத்தடின் சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தான நிலை வரலாம். இருமல் சிரப்பில் உள்ள டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் அந்தப் பட்டியலில் உண்டு. பாராசிட்டமால் பாதுகாப்பானது.

இதோடு தொடர்புடைய இன்னொன்று, புறநோயாளிப் பிரிவுக்கும் மருந்துக் கடைகளுக்கும். வாயுத் தொல்லைக்கு என்று எழுதப்படும் சில காப்ஸ்யூல்களில் அமிலக் குறைப்பானோடு லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் சின்னரிசின், ஃப்ளூனரிசின் மாதக்கணக்கில் ஓடுகின்றன. இவை பார்க்கின்சன் இல்லாதவருக்கும் பார்க்கின்சன் போன்ற விறைப்பையும் நடுக்கத்தையும் வரவழைக்கும், முதியவர்களுக்கு இன்னும் எளிதாக. இரு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடங்கி, சில வாரங்களில் வேகமாக முற்றினால் மருந்தைச் சந்தேகியுங்கள். உண்மையான பார்க்கின்சன் பொதுவாக ஒரு பக்கத்தில் தொடங்கும். காரணமான மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்கள் முதல் ஆறு மாதத்துக்குள் சரியாகிவிடுகிறது. இதைத் தவறவிட்டு, காப்ஸ்யூலை அப்படியே விட்டு லெவோடோபாவை மேலே ஏற்றுவது இரண்டு மருந்துக்கும் காசு கொடுத்து நோயை வாங்குவது.

சீட்டில் இல்லாத மருந்தையும் கேளுங்கள். பூனைக்காலி விதையில் இயற்கையாகவே லெவோடோபா இருக்கிறது. சூரணமாகச் சாப்பிடுபவர் நம் ஊரில் உண்டு. ஒவ்வொரு பொடியிலும் அதன் அளவு மாறும். வார்டில் அது நின்றாலும் ஆஃப் வரும், வீட்டார் மறைவாகக் கொடுத்தாலும் அளவு மீறும். கடிந்துகொள்ளாமல் கேட்டால் சொல்வார்கள்.

பார்வைக்குத் தவறாகப் படுபவை சில. முகத்தில் அசைவில்லை, குரல் எழவில்லை என்பதால் அறிவு மங்கியவர் என்று எண்ணி, கேள்வியை மகனிடம் கேட்கிறோம். பதில் வர பத்து வினாடி ஆகலாம், காத்திருங்கள். மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடல் வளைந்து நெளிந்து ஆடுவது டிஸ்கைனீசியா. அது வலிப்பும் இல்லை, பதற்றமும் இல்லை. தூக்க ஊசி வேண்டாம். நடுக்கம் வினாடிக்கு 4 முதல் 6 தடவை. அதாவது நிமிடத்துக்கு 300 அளவில். இ.சி.ஜி.யில் அது ஏட்ரியல் ஃப்ளட்டர் என்னும் இதயத் துடிப்புக் கோளாறு போலவே பதிவாகும், சில சமயம் இன்னும் மோசமானதாகவும் தோன்றும். ஓடும் முன் நாடியைக் கையால் பிடித்துப் பாருங்கள், கை கால் லீடுகளைத் தோளுக்கும் இடுப்புக்கும் மாற்றிப் போட்டு மறுபடி எடுங்கள்.

ரத்த அழுத்தத்தைப் படுக்கையில் மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டாதீர்கள். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பார்த்து, நிற்கவைத்து 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால், விழுவதற்கான காரணம் கிடைத்துவிட்டது. படுக்கையின் தலைப்பக்கத்தை உயர்த்துவது, எழும் முன் ஓரிரு டம்ளர் தண்ணீர், பழைய ரத்த அழுத்த மாத்திரைகளைக் குறைப்பது ஆகியவை முதல் படிகள்.

கழிவறை வாசலில் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவார். கையைப் பிடித்து இழுத்தால் மேல் உடம்பு முன்னே வரும், கால் வராது, விழுவார். நிற்கச் சொல்லுங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றச் சொல்லி, “ஒன்று, இரண்டு” என்று எண்ணி, பெரிய அடியாக எடுக்கச் சொல்லுங்கள். உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்துத் தாண்டச் சொன்னாலும் கால் எழும். வாசலில் தரையில் குறுக்காக ஒட்டிய வண்ண நாடாக்களும் இதே வேலையைச் செய்யும். திரும்பும்போது அகல வளைவாகத் திரும்பட்டும், நடக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

மார்பில் தோலுக்கடியில் மூளைத் தூண்டல் கருவி உள்ளவர் வந்தால், இயன்முறைப் பிரிவில் ஷார்ட்வேவ் டயாதெர்மி, அதாவது மின்காந்த அலையால் சூடேற்றும் சிகிச்சை, உடலின் எந்த இடத்திலும் கூடாது. மின்முனையைச் சுற்றி மூளைத் திசு சூடாகிச் சேதமடையும். எம்.ஆர்.ஐ.க்கு முன் கருவியின் அட்டையைப் பார்த்து, பொருத்திய குழுவைக் கேளுங்கள். அறுவையில் ரத்தக் கசிவை நிறுத்த, மின்சாரம் கருவியின் இரு முனைகளுக்கிடையே மட்டும் பாயும் பைபோலார் காட்டரியே நல்லது.

கண்காணிப்பாளர்களிடம் கேட்பது மூன்று. சாதாரண லெவோடோபா-கார்பிடோபா மாத்திரை இரவிலும் ஞாயிறன்றும் எடுக்கக்கூடிய இடத்தில், அவசர மருந்துகளோடு இருக்க வேண்டும். கணினியில் மருந்து எழுதும் மருத்துவமனைகளில் இந்த மருந்துக்கு மட்டும் கடிகார நேரம் இல்லாமல் பதிவாகாதபடியும், மெட்டோகுளோப்ரமைடோ ஹாலோபெரிடாலோ சேர்த்தால் எச்சரிக்கை வரும்படியும் செய்ய வேண்டும். வெளியேற்றச் சுருக்கத்தில் கடிகார நேரம், மாத்திரையின் முழு எண், புதிதாக நிறுத்தியவை, தவிர்க்க வேண்டியவை நான்கும் தமிழில் இருக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் இடம்பெற்றுள்ளது; அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்பதையும் அந்தத் தாளிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான குடும்பங்களுக்கு இது தெரியாது.

இப்படிக்கு,
பார்க்கின்சன் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், இயன்முறை மற்றும் பேச்சு சிகிச்சையாளர்கள்